இடப்பக்கம் உட்கார்ந்தவர்

எங்கள் வீட்டில் எல்லோரும் என் வலப்பக்கத்தில்தான் உட்காருவார்கள். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் டிவி பார்த்தாலும் என் இடப்பக்கம் சுவர் இருக்கும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் என்னைக் கொன்றே போட்டிருக்கும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்தது. இடது கன்னம், காதோரம், கழுத்து, தோள்பட்டை வரை வெந்துபோனது. ஆறியபோது தோல் மேடும் பள்ளமுமாக இறுகி, கழுத்தை முழுசாகத் திருப்ப முடியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. குணமாகி முதல் முறை கடைத்தெருவுக்குப் போனபோது ஒரு அம்மா தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். சரிதான் போ என்று வீட்டுக்குத் திரும்பினேன். அதன் பிறகு நான் வெளியே போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்குக் கோணிக் கடை. நெல் வியாபாரிகளுக்குச் சாக்கும் சணலும் விற்பது தொழில். முன்னால் கடை, நடுவில் குடோன், பின்னால் வீடு. குடோனில் உட்கார்ந்து கிழிந்த கோணிகளைத் தைப்பது என் வேலை. நைனா முன்னாலிருந்து கிழிந்த கோணிக் கட்டுகளை உள்ளே தள்ளுவார், நான் தைத்து வெளியே தள்ளுவேன். இடப்பக்கம் முழுக்கப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருப்பேன், சித்திரை வெயிலிலும். ஊருக்கு என் கை தெரியும், தையல் தெரியும், முகம் தெரியாது.

அந்தக் குடோனுக்குள் தரணேந்திரன் வந்தது நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மாதம். நைனா கடைக்கு வராததால் தானே சாக்கு பொறுக்கிக்கொள்ள உள்ளே வந்தார். கமிட்டியில், அதாவது அரசாங்க நெல் விற்பனைக்கூடத்தில், வியாபாரிகளுக்காக நெல் பார்த்து விலை சொல்கிறவர். சமண வீட்டுக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். பெற்றவர்களுக்குப் பணிவிடை செய்தே வயது ஓடிவிட்டது என்பார்.

வந்தவர் நேராக என் இடப்பக்கம் கிடந்த கோணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். நான் திடுக்கிட்டுத் தலைப்பை இழுத்தேன்.

"அங்க உக்காராதீங்க. இந்தாண்ட வாங்க."

"அந்தாண்ட இருட்டா இருக்குது. ஜன்னல் வெளிச்சம் இங்கதான் வுழுவுது" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, அரிசியை வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அரிசியைப் பார்த்த அதே பார்வை. தலைப்பு நழுவியிருந்தது.

"இன்னா பாக்கறீங்க?" என்றேன், சண்டைக்குத் தயாராக.

"தழும்பு. மழை நாள்ல இழுக்குமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஐயோ பாவம் என்றிருக்கிறார்கள், கடவுள் இருக்கிறார் என்றிருக்கிறார்கள். இழுக்குமா என்று கேட்டவர் இவர்தான். "இழுக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்கப்புறம் அமாவாசைக்கு அமாவாசை வந்தார். அன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். கமிட்டியில் வேலை இருக்காது. சாக்கு வாங்குகிற சாக்கில் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, யார் ஈர நெல்லை அடியில் வைத்து ஏமாற்றப் பார்த்தான் என்று கதை சொல்வார். நானும் பதிலுக்கு வம்பு பேசுவேன். அமாவாசை எப்போது வரும் என்று நான் காலண்டர் பார்க்க ஆரம்பித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் மட்டும் அவர் எழுந்துவிடுவார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது.

ஒரு அமாவாசை, கதை நடுவில் நிறுத்தினார்.

"கழுத்துல அந்தப் புண்ணு இன்னாது?"

"கோணி உரசினது."

"போன அமாவாசைக்கும் இருந்துது. அதுக்கு முந்தின அமாவாசைக்கும் இருந்துது. அப்ப நெல்லு சைசு. இப்ப புளியங்கொட்டை சைசு. ஓரம் தடிச்சிருக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இந்த மனுஷன் பேசிக்கொண்டிருந்தது என்னோடு என்று நினைத்தேன், புண்ணை அளந்துகொண்டிருந்தாரா என்று தோன்றியது. "எழுந்து போங்க. இனிமே உள்ள வராதீங்க" என்றேன்.

எழுந்தார். ஆனால் வெளியே போகவில்லை. பின்கட்டுக்குப் போய் அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சொன்னார், என் காதில் விழும்படியே.

"உங்க பொண்ணு கழுத்துல மூணு அமாவாசையா ஆறாத புண்ணு இருக்குது. பாத்தீங்களா?"

அம்மா பார்த்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, பார்த்ததில்லை. பார்த்தால் நான் வருத்தப்படுவேன் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்வையைத் திருப்பியே வைத்திருந்தவள். அன்று வந்து என் தலைப்பை விலக்கிப் பார்த்தாள். நேராகப் போய்ப் பையில் துணி எடுத்து வைத்தாள்.

மறுநாள் புதுச்சேரி பஸ் ஏறினோம். நான், அம்மா, நாலு சீட் தள்ளி அவர். "நான் கூப்புடலியே" என்றேன். "பஸ்சு பொதுதானே" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மக்களுக்கு நடுவில் உட்காரப் பயந்து நடுங்கிக்கொண்டு போனேன். அங்கே ஒருத்தருக்குத் தாடை இல்லை, ஒருத்தருக்கு மூக்கில் குழாய். எல்லோர் கண்ணும் டோக்கன் நம்பர் காட்டும் பெட்டி மேலேயே. என்னை யாரும் சட்டை செய்யவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம் உள்ளே கிடந்தோம் என்று லேசாகக் கோபம்கூட வந்தது.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பழைய தீத்தழும்பில் வருகிற எல்லாப் புண்ணும் கெட்டதில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால் சில சமயம் அது புற்றுநோயாக மாறியிருக்கலாம் என்று மறைக்காமல் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்தாள். "பயாப்சி பண்ணிப் பாத்துடுவோம்" என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணிலிருந்து மிளகு அளவு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான் பயாப்சி. ஊசி குத்தியது எறும்புக் கடி. முடிவுக்காகக் காத்திருந்த எட்டு நாள்தான் வலி. அந்த எட்டு நாளும் கோணி தைத்தேன். தையல் ஒன்றுகூட நேராக வரவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய் எதுவும் தென்படவில்லை, புண்ணில் அழற்சி மட்டும்தான் என்று எழுதியிருந்தது. அம்மா அங்கேயே அங்காளம்மனுக்குக் கும்பிடு போட்டாள். நைனா போனில் அழுதார். அன்றும் கூட வந்திருந்த தரணேந்திரனைப் பார்த்து நான் சிரித்தேன், பாத்தீங்களா உங்க புளியங்கொட்டையை என்கிற மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. "எங்கேர்ந்து எடுத்தாங்க?" என்றார்.

"நடுவுலேர்ந்து."

"ஓரம்தானே தடிச்சிருக்குது?"

அம்மாவுக்கு வந்ததே கோபம். "நல்ல சேதி வந்திருக்குது. வாயக் கழுவுங்க. நீங்க யாரு எங்களுக்கு?"

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. அம்மாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "வாணி, மூட்டையில ஒரு எடத்துல குத்தி எடுத்த நெல்ல வெச்சு நான் வெல சொல்றதில்ல. மேல, நடு, அடி, ஓரம், எல்லாம் எடுத்துத்தான் சொல்வேன். நெல்லுக்கே அப்படி. வீட்டுக்குப் போலாம்னு நீ சொன்னா போய்டலாம். உன் கழுத்து, நீதான் சொல்லணும்."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நீ என்றதும் அன்றுதான் முதல் முறை. வீட்டுக்குப் போகத்தான் ஆசையாக இருந்தது. கையில் நல்ல காகிதம் இருக்கிறது, பஸ் வெளியே நிற்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இந்தப் புண்ணை முதல் நாளிலிருந்து பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான். நான்கூடப் பார்த்ததில்லை, நாங்கள் படுக்கும் அறையில் கண்ணாடி கிடையாது. பார்த்தவர் பேச்சையா, பார்க்காதவர்கள் ஆசையையா கேட்பது? திரும்பி டாக்டர் அறைக்கு நடந்தேன்.

டாக்டர் அம்மா சிரித்தார். "நானே அதைச் சொல்லத்தான் உங்களை நிக்க வைக்கச் சொல்லி நர்ஸை அனுப்பினேன். தழும்புப் புண்ணுல ஒரு எடத்து முடிவை மட்டும் நம்பக்கூடாது. ஓரத்துல நாலு பக்கமும் எடுக்கணும். நீங்க அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றவர், வாசலில் நின்றவரைக் காட்டி, "அவர் எந்தத் துறை?" என்று கேட்டார்.

"நெல்லு" என்றேன்.

நாலில் இரண்டு துண்டில் புற்றுநோய் இருந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று பெயர். தோலின் மேலடுக்கில் இருக்கும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது. ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து நெறிக்கட்டிகளுக்கு இன்னும் பரவவில்லை. இப்போதே சுற்றிலும் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் பிழைப்பு. இன்னும் நாலைந்து அமாவாசை கடந்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் பேசியிருக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

உதட்டு ஓரத்துக்குப் போகும் நரம்பு அருகில் இருக்கிறது, வாய் ஒரு பக்கம் சற்றுத் தொங்க வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் உடைந்து அழுதேன். சாவுக்கு அழவில்லை. இருபத்திரண்டு வருஷம் மூடி வைத்த முகம், அது இன்னும் கெட்டுவிடுமோ என்று அழுகிறேன்! யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். என் முகம் எனக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரசுக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டது, மீதியை நைனா பார்த்துக்கொண்டார். அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

ஆபரேஷன் காலை என்றார்கள். எனக்கு முன்னால் ஒரு விபத்துக் கேஸ் வந்துவிட்டதால் மதியம் இரண்டுக்குத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது. புண் இருந்த இடத்தை அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து வெங்காயத் தோல் போல மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். இதற்கு கிராஃப்ட் என்று பெயர். ஒட்டிய தோல் அசையாமல் இருக்க, மேலே பஞ்சுப் பொதியை வைத்து நூலால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கோணி தைக்கிறவளுக்கு அந்தக் கட்டு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலை அம்மா கஞ்சி ஊட்டும்போது சொன்னாள். "அந்த மனுசன் நேத்து காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டதோட சரி. நீ வெளிய வர வரைக்கும் எழுந்துக்கவே இல்ல. அப்பால நர்ஸம்மா சாப்பாடு குடுத்தாங்க. பொழுது போயிட்டுது, இனிமே சாப்புட மாட்டேன்னுட்டாரு. இப்பதான் போய் சாப்புட வெச்சேன்." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க யாருன்னு கேட்டேனே அன்னைக்கு" என்றாள். அம்மா அழுததை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். என் இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நாள் கழுத்தை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. என் வாய்க்கு அது பெரிய தண்டனை. அவர் கமிட்டி முடித்து மதியம் பஸ் பிடித்து வருவார். நான் பதில் பேச முடியாத தைரியத்தில், தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த நெல் கதைகளையெல்லாம் சொல்லித் தீர்த்தார். ஐந்தரைக்கு ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார், டப்பாவைத் திறந்து சாப்பிடுவார், கிளம்புவார்.

ஆறாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். ஒட்டிய தோல் பிடிக்காமல் கறுத்துப்போனால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. டாக்டர் நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். பஞ்சை எடுத்தார். அம்மா அந்தப் பக்கம் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிடுச்சு" என்றார் டாக்டர். "நல்லா ரோஸா இருக்கு. எங்கே, ஈன்னு சிரிங்க."

சிரித்தேன். உதடு இரண்டு பக்கமும் ஏறியது. நர்ஸ் கை தட்டினாள். அடுத்த வாரம் இன்னொரு காகிதம் வந்தது. வெட்டி எடுத்த சதையின் ஓரம் முழுக்க, அடி உட்பட, சுத்தம், எதுவும் மிச்சமில்லை என்று. அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "அடி வரைக்கும் பாத்திருக்காங்க" என்று திருப்தியாக மடித்துச் சட்டைப்பையில் நெல்லோடு போட்டுக்கொண்டார். என் காகிதம் அது. நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். பேச அனுமதி கிடைத்திருந்தது. ஐந்து நாள் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுல சமைக்கறதுன்னா எத்தினி மணிக்கு முடிக்கணும்?"

அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்ததும் காது வரை சிவந்தார். "அஞ்சரைக்குள்ள" என்றார். பிறகு, "நானும் நல்லா சமைப்பேன்" என்றார்.

இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. சாமி வேறு, வழக்கம் வேறு, இந்த வயதில் எதற்கு என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நைனா ஒரே வார்த்தையில் முடித்தார். "என் பொண்ணு புண்ண நான் பாக்கல. அவரு பாத்தாரு. அவ்ளோதான்." மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப் போய், ஒரு வருஷம் சுத்தமாகக் கழிந்த பிறகு இந்த வைகாசியில் நாள் வைத்தோம்.

இதற்கு நடுவில் குடையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். புதுத் தோலில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஒரு கறுப்புக் குடை வாங்கினேன். தலைப்புக்குப் பதில் குடை. குடை வெயிலை மறைக்கும், முகத்தை மறைக்காது. அதைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்து கமிட்டி வரை போனேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். பூக்காரம்மா மட்டும் "கோணிக் கடைப் பொண்ணா நீ? எங்கம்மா போயிருந்த இத்தினி வருசம்?" என்று கேட்டாள். "பின்னாலதான் இருந்தேன்" என்றேன். ஒரு முழம் பூவைக் கையில் திணித்தாள்.

உங்களில் யாருக்காவது பழைய தீத்தழும்பு இருந்தால், அதில் புதிதாக வந்த புண் ஒரு மாதத்தில் ஆறாவிட்டால், டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால், மரியாதை என்று நினைத்துக் கண்ணைத் திருப்பாதீர்கள். எங்கள் வீட்டில் அன்புக்குப் பஞ்சமே இல்லை, பார்க்கத்தான் ஆள் இல்லை.

கல்யாணம் சின்னதாகத்தான் நடந்தது. எங்கள் பக்கம் தாலி கட்டும் வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம், கட்டிய பிறகு எழுந்து இடப்பக்கம் மாறி உட்கார வேண்டும். வலப்பக்கம் இருக்கும் வரை என் இடது கன்னம் அவரைப் பார்த்திருக்கும். மாறினால் அது சபையைப் பார்க்கும். அத்தை முந்தின நாளே இதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காதோரம் குனிந்து, "மாறாத, அப்படியே இருந்துடு. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்" என்றாள். பாவம், அன்பாகத்தான் சொன்னாள்.

நான் எழுந்தேன். அவருக்கு முன்னால் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தேன், கன்னம், காது, கழுத்து, தொடைத் தோல் ஒட்டிய சதுரம் எல்லாம் சபைக்குத் தெரிய. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இழுக்குதா?" என்றார். "இல்ல" என்றேன்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார், தயங்கினார். "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்புங்களேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ திரும்ப மாட்டா. நீ இந்தப் பக்கம் வந்து எடு."

சொல்லிவிட்டு மேடை ஏறி வந்து, என் இடப்பக்கம் நின்றாள்.